கரைக்கு உள்ளே உப்பு

20.11.1984, செவ்வாய்

கடல் தோட்டத்துக்குள் வராமல் தடுக்கும் மண்கரையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இன்று கரைக்கு உட்புறக் கால்வாய்த் தண்ணீரை நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.

வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஓடினேன். "நண்டு வளைதான் லா. மண்ணப் போட்டு மிதிச்சிடு" என்றார். மிதித்தேன். கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது.

முன்பெல்லாம் கரைக்கு வெளியே கடற்சேற்றில் வேரூன்றி நின்ற பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். போன வருடம் இறால் குளத்துக்காக அவற்றை வெட்டியவர்களில் நானும் ஒருவன்.

வெள்ளிக்கிழமை அமாவாசை. கடல் ஏறும். கரை தாங்குமா தெரியவில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசை பள்ளத்தில் இருக்கிறது. பிள்ளைகள் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். மனைவியிடம் எதையும் சொல்லவில்லை.

சாயங்காலம் சோறு வடிக்கும்போது அவள் கேட்டாள்: "இந்தப் பாக்காவ் விறகு நல்லா நின்னு எரியுதுங்க. இன்னும் கொஞ்சம் வெட்டிட்டு வர்றீங்களா?"