சுரங்கத்தின் வாயை அடைத்தவர்

என் செல்ல மகளுக்கு,

நீ பிள்ளைத்தாய்ச்சி, உட்கார்ந்துகொண்டு படி. சுரங்கத்துக்குள் தீப்பிடித்துவிட்டது. மேலே வந்தவர்களில் அப்பா இல்லை.

உள்ளே காற்று போய்க்கொண்டிருக்கும்வரை நிலக்கரித் தீ அணையாதாம். பக்கத்துச் சுரங்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே பரவும் முன் இந்தச் சுரங்கத்தின் வாயை அடைத்தாக வேண்டும் என்றார் மேலாளர். உள்ளே இனி யாரும் உயிரோடு இருக்க வழியில்லையாம். கொத்தனார்கள் யாரும் கரண்டியைத் தொடவில்லை. அவர்களில் உன் சித்தப்பாதான் எழுந்தார்.

"யாராவது அடைச்சுத்தான் ஆகணும் அண்ணி. எங்கண்ணனுக்கு நானே செய்யறேன்."

நான் தடுக்கவில்லை. செங்கல் எடுத்துக் கொடுத்தேன். கடைசிக் கல்லின்போது எங்கள் இருவர் கையும் ஒரு கணம் நின்றது. பிறகு வைத்துவிட்டார்.

இப்போது தெருவில் யாரும் அவரோடு பேசுவதில்லை. நம் வீட்டில்தான் இருக்கிறார். சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருக்கிறார். நேற்று மெல்லக் கேட்டார்: "அண்ணி, அப்ப உள்ளேருந்து தட்டுற சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் கேக்கல தம்பி, சாப்பிடுங்க" என்றேன். அதன் பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டார்.

நீ வந்தால் அவரிடம் முகம்கொடுத்துப் பேசு. அவர் கேட்டதை மட்டும் நீயும் என்னிடம் கேட்டுவிடாதே.

உன் அம்மா