அரை டிக்கெட்டுக்கு அம்மா எழுதியது

சலவைக் கூடம்
ஏப்ரல் 16

என் அரை டிக்கெட்டுக்கு,

பரீட்சை முடிந்ததா? பேனாவைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பாய். எடுத்து வை, எனக்குப் பதில் எழுத வேண்டும். போனில் பேசினால் காசு ஓடுகிறது. அதிலும் பாதி நேரத்தை உங்கப்பா "ம்", "ம்" என்றே தின்றுவிடுகிறார். கடுதாசி என்றால் தலையணைக்கு அடியில் வைத்து நாலு தடவை படிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன லீவு மாதிரியே இந்த லீவுக்கும் அம்மாவால் வர முடியாது. ஓட்டலில் சீசன். ஊருக்கெல்லாம் லீவு விட்டால் எங்களுக்கு லீவு கிடையாது. ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு வருகிறது. நானும் என்கூட வேலை பார்க்கிற மடிப்பக்காவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்து மடித்து, இப்போதெல்லாம் யாராவது கை நீட்டினாலே மடிக்கத் தோன்றுகிறது.

மூஞ்சியைத் தூக்காதே, மிச்சத்தையும் படி. நான் வர முடியாவிட்டால் என்ன, நீங்கள் வரலாமே! மே மாதம் கடைசி ஞாயிறு எனக்கு ஓய்வு. அப்பாவுக்கு ஒன்று, உனக்கு அரை. போக வர ஒன்றரை டிக்கெட், அவ்வளவுதான். பவுடர் டப்பாவில் ஓட்டை போடு. ஐஸ், ராட்டினம், சினிமா என்று அப்பா தருகிற காசெல்லாம் அதற்குள்ளே போகட்டும். அதற்காக லீவு முழுக்க உம்மென்று உட்காரக் கூடாது. காசில்லாத விலையாட்டாக நான் எழுதி அனுப்புகிறேன்.

முதல் விலையாட்டு: கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடு. அப்பாவின் பாயைத் தையல் மெஷின் பக்கம் மாற்று. கால் வைத்த திசையில் தலை வைத்துப் படுங்கள். காலையில் கண் விழித்தால் வேறு ஊர் மாதிரி இருக்கும். இங்கே வருகிறவர்கள் அதற்குத்தான் ஆயிரம் ஆயிரமாகக் கொட்டுகிறார்கள்.

உன் அம்மா


வீடு
ஏப்ரல் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். தையல் மெஷினும் நலம். நீ இரண்டு இடத்தில் "விலையாட்டு" என்று எழுதியிருக்கிறாய். "ளை" போட வேண்டும். "லை" போட்டால் விலை ஆகிவிடும். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுப் படுத்தோம். காலையில் அப்பா பழைய ஞாபகத்தில் எழுந்து மெஷினில் முட்டிக்கொண்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "என்ன ஊரும்மா இது, வந்ததுமே அடிக்கிறாங்க!" என்றார். அப்பா ஜோக் சொல்லி நான் கேட்டதே இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

எதிர்வீட்டுப் பிள்ளைகள் ராட்டினத்துக்குக் கூப்பிட்டார்கள். தலை சுற்றும் என்று பொய் சொல்லிவிட்டேன். அந்தக் காசை டப்பாவில் போடும்போது கொஞ்சம் அழுகை வந்தது. டப்பாவை ஆட்டிப் பார்த்தேன், சரியாகிவிட்டது.

மத்தியானம் ஜன்னல் பக்கம் படுத்திருந்தால் பஸ் போகும் சத்தம் கேட்கிறது. எந்த ஊர் பஸ் என்று கேட்டேன். அப்பா தைப்பதை நிறுத்தாமல், "எல்லாம் உங்கம்மா ஊருக்குத்தான்" என்றார்.

உன் அரை டிக்கெட்


சலவைக் கூடம்
மே 1

என் வாத்தியாரம்மாவுக்கு,

வட்டம் போட்ட என் கடுதாசி வந்தது. எனக்குப் படிப்பு மூணாம் கிளாஸ். அதிலும் "ள" நடத்திய அன்றைக்குப் பார்த்து எனக்குக் காய்ச்சல். இருந்தாலும் என் தப்பிலும் ஒரு நியாயம் உண்டு. காசு கொடுத்து ஆடினால் விலையாட்டு, சும்மா ஆடினால் விளையாட்டு. உங்கள் டீச்சரிடம் கேட்டுப் பார்.

உங்கப்பா ஜோக் அடித்தாரா? கல்யாணமான நாளிலிருந்து நான் காத்துக்கிடந்தேன். நான் இல்லாத நாளாகப் பார்த்து அடித்திருக்கிறார், கஞ்சன்! அவர் இங்கே வரும்போது என் எதிரில் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். முட்டிக்கொள்ள இங்கே பெரிய பெரிய மெஷின் எல்லாம் இருக்கிறது என்று சொல்லு.

அடுத்த விளையாட்டு (இப்போது சரியா?): கடைத்தெருவில் இருக்கும் பெரிய துணிக்கடைக்குப் போங்கள். நகரும் படியில் மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, ஏசிக் காற்று வாங்கிக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் திரும்புங்கள். ராட்டினம் தோற்றுப்போகும்.

இங்கே தலையணை உறை அடுக்குகிற அலமாரியில் மூன்றாவது தட்டு சரியாக உன் உயரம். நான் கிளம்பின அன்று நீ வாசலில் நின்றாயே, அந்த உயரம். போகும்போதும் வரும்போதும் அந்தத் தட்டில் இருக்கும் உறைகளைத் தடவிவிட்டுப் போவேன். "என்னடி, தூசியா?" என்கிறாள் மடிப்பக்கா. ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னும் நாலே ஞாயிறு.

உன் அம்மா


வீடு
மே 12

அன்புள்ள அம்மாவுக்கு,

துணிக்கடைக்குப் போனோம். ஒன்பது தடவை ஏறி இறங்கினோம். வாட்ச்மேன் வந்து, "என்ன சார் வேணும்?" என்று கேட்டார். அப்பா முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "நூல் கலர் பார்க்க வந்தோம். இன்னும் முடிவாகலை" என்று சொல்லிவிட்டுப் பத்தாவது தடவை ஏறினார்.

டப்பா நிறைந்துவிட்டது. எண்ணிப் பார்த்தோம், ஒன்றரை டிக்கெட்டுக்குச் சரியாக இருந்தது. நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம்.

கவுன்ட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது அம்மா. அதற்குக் கீழே இருந்தால்தான் அரை டிக்கெட். நான் போய் நின்றேன். பாவாடைக்குள்ளே முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டேன். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. டிக்கெட் கொடுப்பவர் எட்டிப் பார்த்து, "பாப்பா, நேரா நில்லும்மா" என்றார். நேராக நின்றேன். கோடு என் காதுக்குக் கீழே போய்விட்டது.

"முழு டிக்கெட்டுங்க" என்றார்.

அப்பா கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு முழு டிக்கெட்டுக்குக் காசு போதாது. பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வைத்திருக்கும் பணத்தை எடுக்கலாமா என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

மன்னித்துக்கொள் அம்மா. நான் வளர்ந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

உன்
(இனிமேல் என்ன பெயர் போடுவது என்று தெரியவில்லை)


சலவைக் கூடம்
மே 16

என் கண்ணுக்கு,

உன் கடுதாசியை மடிப்பக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. "கண்ணாடி எங்கே வைத்தேன்?" என்று தேடினேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது என்று அவள்தான் ஞாபகப்படுத்தினாள்.

யாராவது வளர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்பார்களா, லூசு! உனக்கு ஊட்டி ஊட்டி என் கை தேய்ந்தது எதற்காக?

ஒரு காரியம் செய். உச்சந்தலையிலிருந்து தரை வரைக்கும் ஒரு நூலை அளந்து அனுப்பச் சொல்லு. அளவெடுப்பதில் உங்கப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. முட்டியை மடக்கினாயோ, பார்த்துக்கொள்.

உன் அம்மா


வீடு
மே 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நூல் இத்துடன் இருக்கிறது. நீலக் கலர் நான் எடுத்தது. அப்பா மூன்று தடவை அளந்தார். மூன்றாவது தடவை என் தலைமேல் வைத்த கையை ரொம்ப நேரம் எடுக்கவில்லை. "அளந்தாச்சாப்பா?" என்றேன். "இரும்மா, இன்னும் இருக்கு" என்றார்.

டப்பா அலமாரியில் அப்படியே இருக்கிறது. இப்போதெல்லாம் ஆட்டிப் பார்ப்பதில்லை.

உன் மகள்


சலவைக் கூடம்
மே 25

என் முழு டிக்கெட்டுக்கு,

நூல் வந்தது. அலமாரியில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது தட்டைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது. உன் தலை என்று நினைத்து இத்தனை நாளும் உன் தாடையைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்புறம் என்மேல் வைத்துப் பார்த்தேன். என் வாய் வரைக்கும் வந்தது. மடிப்பக்கா இந்தத் தடவை தூசியா என்று கேட்கவில்லை.

நூலை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரம்மாவிடம் போனேன்.

"என்ன இது?"

"என் பொண்ணுங்க."

"நூலா?"

"இவ்வளவு வளர்ந்துட்டாங்க. நான் பார்க்கவே இல்லீங்க."

அந்தம்மா நூலைக் கையில் வாங்கினார். இந்தக் கூடத்தில் எது கைக்கு வந்தாலும் மடித்துத்தான் பழக்கம். மடிக்கப் போனவர் மடிக்காமல் திருப்பித் தந்தார். "நாலு நாள். சம்பளம் கிடையாது. அஞ்சாம் நாள் வரலேன்னா இந்த வேலைக்கு வேற ஆள்" என்றார். நான் சரியென்று சொல்லிவிட்டேன்.

பஸ்ஸுக்கு ஒரே ஒரு முழு டிக்கெட் எடுத்திருக்கிறேன். எனக்கு.

டப்பாவைத் திறந்து வை. அதில் இருப்பது ராட்டினத்துக்கும் ஐஸுக்கும், நம் மூன்று பேருக்கும். இந்த நாலு நாள் மட்டும் "லை" போட்ட விலையாட்டுதான், வட்டம் போடாதே. உங்கப்பா ஜோக்கைத் தயாராக வைத்திருக்க வேண்டும். கட்டிலையும் பாயையும் பழைய இடத்திலேயே போடச் சொல்லு. கண் விழிக்கும்போது எனக்கு வேறு ஊர் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு பஸ் வந்துவிடும். கூட்டத்தில் என் கண் பழைய உயரத்தில்தான் உன்னைத் தேடும். அதனால் நீ முட்டியை மடக்காமல் நேராக நில்.

முழு டிக்கெட்டின் அம்மா