கொக்கு எறியாத பந்து

அன்புள்ள நெட்டச்சிக்கு,

நானும் குட்டியும் நலம். இறுதிப் போட்டி முடியும்வரை உங்கள் கைப்பேசிகளைப் பயிற்சியாளர் வாங்கிப் பூட்டி வைத்துவிட்டதால், இதை உன் அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆதரவாளர்களோடு அவரும் விமானம் ஏறுகிறார். அவர் பெட்டியில் துணியைவிடக் கொடிகள்தான் அதிகம்.

நீங்கள் அரையிறுதியில் ஜெயித்ததிலிருந்து இங்கே யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. வலைப்பந்து என்றால் கைப்பந்துதானே என்று கேட்டுக்கொண்டிருந்த ஆட்கள், நான் லிஃப்டைப் பழுது பார்க்கக் குனிந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று எனக்கே பாடம் நடத்துகிறார்கள். பந்தைப் பிடித்தவள் ஓடக்கூடாதாம், மூன்று விநாடிக்குள் கையைவிட்டுப் போய்விட வேண்டுமாம். இறுதிப் போட்டியில் உங்களோடு மோதப்போகும் அணியின் கோல் ஷூட்டருக்கு நீ வைத்த பட்டப்பெயரும் ஊரெல்லாம் பரவிவிட்டது. நேற்று மீன் வாங்கப் போனேன். மீன்காரம்மா செதில் சீவுவதை நிறுத்திவிட்டு, "எத்தனை தடவைதான் அந்தக் கொக்கு நம்ம கையில இருந்து கோப்பையைக் கொத்திட்டுப் போகும்? இந்தத் தடவை விடக்கூடாதுன்னு உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க" என்றார். குட்டி தன் பள்ளிச் சட்டையில் உன் ஜெர்சியில் இருப்பதுபோலவே கோல் கீப்பர் எழுத்துகளை மையால் எழுதிவிட்டாள். எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. திட்ட மனம் வரவில்லை.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

அரையிறுதியில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்காக நீ எம்பிய இடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். யாருடைய தோளிலோ மோதி மல்லாந்து விழுந்தாய். உன் பின்னந்தலை தரையில் மோதிய சத்தம் தொலைக்காட்சியிலேயே கேட்டது. நீ எழுந்ததும் அரங்கமே கைதட்டியது. இடைவேளை முடிந்து எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனபோது நீ எதிர்ப்பக்க வளையத்துக்கு அடியில் போய் நின்றாய். கேப்டன் ஓடி வந்து உன் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள். வர்ணனையாளர்கள் சிரித்தார்கள். ஆட்டம் பார்க்க நம் வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். என் கையில் இருந்த தேநீர் தளும்பி விரல் சுட்டது. அதைக் கீழே வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நீ கிளம்புவதற்கு முன்பு பயிற்சியில் தலையில் அடிபட்டபோது மருத்துவர் என்ன சொன்னார் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இன்னொரு அடி உடனே விழக்கூடாது என்றார். அது விழுந்துவிட்டது. மூன்றாவதைத் தேடி நீ போகிறாய்.

உன் பழைய தோழி லெஃப்டியைப் போய்ப் பார்த்தேன். தலையில் அடிபட்டு ஆட்டத்தை விட்டவள், ஏதோ கொஞ்சம் தலைவலியோடு இருக்கிறாள் என்றுதானே நினைத்திருந்தோம்? பட்டப்பகலில் எல்லா ஜன்னலிலும் கனமான திரை போட்டிருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி. அடுப்புக்கு மேலே அவள் கணவர் பெரிய எழுத்தில் 'அணைத்தாயா?' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். பேசிக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி, நான் எதற்கு வந்தேன் என்று கேட்டாள். மறுபடி சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளை ஆட விடாதீங்கண்ணா. ஜெயிச்சது ஞாபகம் இருந்தாத்தானே ஜெயிச்ச மாதிரி" என்றாள்.

வெளியே வந்ததும் அணி மேலாளரைப் போனில் பிடித்தேன். நான் முழுவதும் சொல்லி முடிப்பதற்குள், "சார், வீட்டுப் பயம் வீட்டோட இருக்கட்டும், அவங்க நல்லா இருக்காங்க" என்று வைத்துவிட்டார். இனி எனக்கு உன்னை விட்டால் சொல்ல ஆள் இல்லை.

நான் வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கும்போது, மேலே லிஃப்ட் நகர்ந்துவிடுமோ என்று ஒருநாளும் பயந்ததில்லை. இப்போது படியேறக்கூடக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன். அணி மருத்துவரிடம் நீயே போய்ச் சொல். உனக்குப் பதிலாக, பெஞ்சில் மாற்று ஆளாக இருக்கும் அந்தச் சின்னப்பெண் ஆடட்டும். தோற்றால் தோற்கட்டும். ஊர் பேசினால் பேசட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். நீ என்னிடம் கோபித்துக்கொண்டு எத்தனை மாதம் பேசாமல் இருந்தாலும் சரி. பேசாமல் இருப்பது நீயாக இருந்தால் போதும்.

நல்லபடியாக வந்து சேர்.

உன்,
லிஃப்ட்காரன்

*

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிறார். இந்த மரியாதையெல்லாம் அதனால்தான், வீட்டுக்கு வந்தால் பழையபடிதான். எழுதவும் படிக்கவும் போன் பார்க்கவும் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அழவும் கூடாதாம். இதை நம் கேப்டன் கொண்டுவந்து தருவாள். அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் கடிதத்தை ஆட்டத்துக்கு முன்பே உடை மாற்றும் அறையில் படித்தேன். படித்துவிட்டு, மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு களத்துக்குப் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். கீழே விழுவதைவிட, பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கொக்கு எங்களை இன்னொரு முறை தோற்கடிப்பதைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அப்போது அப்படி இருந்தது.

முதல் கால்பாகம் நன்றாகத்தான் போனது. அவளுக்கு வந்த பந்துகள் சிலவற்றைத் தட்டிப் பறித்தேன். பிறகு விளக்குகள் எல்லாம் ஊசியாகக் குத்த ஆரம்பித்தன. பந்து இரண்டாக வந்தது. எந்தப் பந்துக்குக் கை நீட்டுவது என்று தெரியவில்லை. அதை யாரிடமும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வளையத்துக்குப் பக்கத்திலேயே கொக்கிடம் பந்து போனது. நான் அவள் முன்னால் கையை உயர்த்தியிருக்க வேண்டும். உயர்த்தினேன் என்றுதான் நினைத்தேன். என் கைகள் தொங்கிக்கொண்டிருந்தனவாம். அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய கோல். அவள் எறியவில்லை. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் ஆட்கள் கத்தினார்கள். நேரம் தாண்டியதும் நடுவர் விசிலடித்துப் பந்தை எங்களுக்குக் கொடுத்தார். கொக்கு பந்தைத் தரையில் வைத்துவிட்டு, தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, பிறகு என்னைக் காட்டி, மருத்துவரைக் கூப்பிடச் சொல்லிச் சைகை காட்டினாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்றுமில்லை என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன். அவள் தடுமாறினாள், ஆனால் விலகிப் போகவில்லை. மருத்துவர் வரும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்படித் தெரிந்தது என்று கேப்டன் மொழிபெயர்ப்பாளரை வைத்து அவளிடம் பிறகு கேட்டிருக்கிறாள். இத்தனை வருடம் என் கண்ணைப் பார்த்துத்தானே அவள் ஆடியிருக்கிறாள், இன்று அந்தக் கண் அவளைப் பார்க்கவில்லை என்றாளாம்.

எனக்குப் பதிலாகச் சின்னப்பெண் இறங்கினாள். உள்ளே போகும்போது அழுதுகொண்டேதான் போனாள் என்கிறார் அப்பா. கடைசி நிமிடத்தில் கொக்குக்கு வந்த பந்தை அந்தரத்தில் பறித்தது அவள்தான். ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் நாம் ஜெயித்துவிட்டோம். நான் அதைப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியில் அரங்கத்தின் தாழ்வாரத்தில் இருந்தேன். கூரை இடிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

அந்த எறியாத பந்துக்காகக் கொக்கை அவள் நாட்டில் வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்களாம். நேற்று இங்கே வந்திருந்தாள். நீள நீளக் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஸ்டூலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது. அப்பா உரித்துக் கொடுத்த ஆரஞ்சை ஆளுக்குப் பாதி தின்றோம். மீன்காரம்மாவிடம் சொல்லுங்கள், இனி யாரும் அவளைத் திட்டக்கூடாது.

படம் எடுத்துப் பார்த்ததில் தலைக்குள் நூல் இழைபோல் இரத்தம் கசிந்திருக்கிறது. இப்போதைக்குக் கத்தி வேண்டாம், பார்க்கலாம் என்கிறார்கள். இனி ஆட்டம் கிடையாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு நான் அழவில்லை. வேறொன்றுக்குத்தான் பயமாக இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்று அப்பாவிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேனாம். நாம்தான் என்று அவர் சொல்லும்போதெல்லாம் புதிதாகச் சந்தோஷப்படுகிறேனாம். நர்ஸ் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

வீட்டிலும் அப்படிக் கேட்டால், "அதான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குட்டியையும் சொல்ல விடாதீர்கள். முதல்முறை சொல்வதுபோல் சொல்லுங்கள். இதைத்தான் கேட்க நினைத்தேன்.

உங்கள்,
நெட்டச்சி

மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது. அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். கடிதத்தை மடிக்கும்போது, யாருக்கு எழுதினோம் அப்பா என்று கேட்டாள். சொன்னேன். உங்கள் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பத்திரமாகக் கூட்டி வருகிறேன். தைரியமாக இருங்கள். நீங்களும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும்.