இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு

வட்டக்கச்சி,
15.09.2024

பிரதாபன் அத்தானுக்கு,

அக்காவைப் பட்டினி போட்டது நீங்கள்தான்.

முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று தெரியும். நீங்கள் சுவிஸில் சுகமாக இருப்பதை முகநூல் படங்களில் பார்க்கிறேன். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. நான் உங்களை ஏசி அனுப்பிய குரல்பதிவைக் கேட்டதும் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டீர்கள். அதனால்தான் தபால். அக்காவுக்கும் அம்மாவுக்கும் தெரியாது.

சித்திரையில் ஒரு நாள் வீடியோ அழைப்பில் "போனைத் தள்ளி வையும், முழுசாப் பாப்பம்" என்றீர்கள். பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "விசா வரேக்கை பத்துக் கிலோ குறைஞ்சிருக்கோணும். இப்பிடியே வந்தா ஆருக்கு உம்மைக் காட்டுறது?" என்று கேட்டீர்கள். ஞாயிறுதோறும் நிறை காட்டும் படம் அனுப்பச் சொன்னீர்கள்.

எங்களிடம் ஆள் நிறுக்கும் தராசு இல்லை. அக்கா நெல் ஆலைக்குப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினார். அங்கே சாக்குத் தைக்கும் சங்கிலியண்ணன், "தங்கச்சி, நீங்க சரியா ஒரு மூட்டை. தைச்சு அடுக்கிறவா?" என்று பகிடி விட்டார். அக்காவும் சிரித்தார். அப்போது அவரால் சிரிக்க முடிந்தது.

இனி எங்கள் பொய்யைச் சொல்கிறேன். அக்கா போடும் குளிசை தைரொயிட்டுக்கு என்று உங்கள் பதிவுத் திருமணத்துக்கு முன்னர் அம்மா சொன்னார் அல்லவா? அது மனச்சோர்வுக்கான குளிசை. இரண்டு வருடமாகக் கிளினிக்கில் எடுக்கிறார். பைத்தியம் என்று ஊர் கதைக்கும், சம்பந்தம் முறியும் என்று அம்மா பயந்தார். நானும் வாயை மூடிக்கொண்டு நீங்கள் கொண்டுவந்த சொக்கிலேற்றைத் தின்றேன்.

எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான் என்று மட்டும் உங்களுக்குத் தெரியும். பெயர் நிஷாந்தன். 2009 பங்குனியில், கடைசிச் சண்டைக்குள், மாத்தளனில், அவனுக்கு நாலு வயது, எனக்கு ஏழு, அக்காவுக்குப் பதின்மூன்று. அவன் நித்திரையாகக் கிடந்தபோது அவனுடைய பங்குக் கஞ்சியை அக்கா குடித்துவிட்டார். எழும்பி அழுதவனிடம் "நாளைக்கு என்ரையைத் தாறன்" என்றார். விடியச் செல் குண்டு விழுந்தது. எங்களுக்கு அவன் செத்துப் போனான். அக்காவுக்கு அவன் பசியோடு போனான்.

அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அக்கா வயிறு நிறையச் சாப்பிட்டதை நாங்கள் காணவில்லை. குளிசை தொடங்கி இரண்டாம் மாதம், "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ" என்று கேட்டார். அம்மா சோற்றைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய் அழுதார். நீங்கள் பார்த்துச் சிரித்த உடம்பு அந்தச் சோற்றில் வந்தது.

மருந்துப் பையில் "இரவு உணவுக்குப் பின்" என்று எழுதியிருக்கும். மெலிவதற்காக அக்கா இரவுச் சாப்பாட்டை விட்டார். சாப்பிடாமல் குளிசை போடக்கூடாது என்று குளிசையையும் விட்டார். டொக்டர் சொன்னபடி நடப்பதாகவே நம்பினார். மாதாமாதம் கிளினிக்குக்குப் போய் வாங்கிவந்ததெல்லாம் அலுமாரிக்குள், பழைய பால்மா டின்னில் கிடந்தது. ஐந்து மாதக் குளிசை.

பத்துக் கிலோ குறைந்தது. இன்னும் ஐந்து என்றீர்கள். படங்களுக்கு இதயம் போட்டீர்கள். பக்கத்து வீட்டு வடிவம்மா மாமி, "இப்பதான் பிள்ளை வெளிநாட்டுப் பொம்பிளை மாதிரி இருக்கிறாய்" என்றார். கோயிலில் பெட்டைகள், எப்படி மெலிந்தீர்கள் என்று கேட்டுச் சுற்றி நின்றார்கள். ஒருத்தரும் அக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் நானும் பார்க்கவில்லை.

போன செவ்வாய் மத்தியானம் அக்கா தன் சாப்பாட்டுக் கோப்பையில் இருந்த சோற்றைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, பக்கத்துக் கதிரையில் வைத்தார். ஆருக்கு என்று கேட்டேன். "உஷ்... தம்பி எழும்பிற நேரம்" என்றார். அம்மா திரும்பினார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போன அந்த முகம் மாத்தளனில் இருந்தே எங்களுக்குத் தெரிந்த முகம். அம்மா அப்படியே நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். வெளியே உழவு இயந்திரம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. வேறு சத்தம் இல்லை.

அடுத்த நாள் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அன்றைக்குத்தான் டின்னையும் கண்டுபிடித்தேன். டொக்டர் ஏசவில்லை. "நிறை கூடினா என்னட்டைச் சொல்லுங்கோ. மருந்தை மாத்திப் பாக்கலாம், சாப்பாட்டைத் திருத்தலாம், நடக்கலாம். நீங்களா நிப்பாட்டாதேங்கோ" என்றார். இப்படி ஒரு வழி இருந்தது, அத்தான். மருந்தோடேயே மெலிந்திருக்கலாம். கேட்க எங்களுக்கு வெட்கம்.

குளிசையை மறுபடி குறைந்த அளவில் தொடங்கியிருக்க வேண்டும். அக்கா வாயைத் திறக்கிறார் இல்லை. "இன்னும் ரெண்டு கிலோதான். அவர் காணும் எண்டு சொல்லட்டும், பிறகு சாப்பிடுறன்" என்கிறார். டொக்டர் சொல்லியும் அம்மா காலைப் பிடித்தும் கேட்கவில்லை. உங்கள் சொல்லுக்குத்தான் காத்திருக்கிறார். அந்த அதிகாரத்தை உங்களுக்கு யார் தந்தது என்று பிறகு சண்டை பிடிக்கிறேன். இப்போது அழைத்து, "மெலிஞ்சது காணும், சாப்பிடும்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு இந்தக் கடிதத்தைக் காட்டி அக்காவை விடுவதென்றால் விடுங்கள். அம்மா என்னை மன்னிக்கமாட்டார். பரவாயில்லை.

இப்படிக்கு,
மேனுகா

*

வட்டக்கச்சி,
06.10.2024

அத்தானுக்கு,

பதிவுத் தபால் உங்கள் கையில் சேர்ந்துவிட்டதாக இணையத்தில் காட்டுகிறது. அதற்குப் பிறகு இன்றைக்கு இரண்டாவது ஞாயிறு. நீங்கள் அழைக்கவில்லை. அக்காவின் இலக்கத்தையும் தடுத்துவிட்டீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி இருக்கும் என்று அக்கா நம்பவில்லை. "வேலையாக்கும்" என்கிறார். போனை மடியில் வைத்துக்கொண்டு காலையில் இருந்து அதே கதிரையில் இருக்கிறார். தண்ணீர் மட்டும் குடித்தார்.

நான் எழுதிய கடுஞ்சொல் எல்லாவற்றையும் திருப்பி எடுக்கிறேன். நீங்கள் நல்லாயிருங்கள். உங்கள் வீட்டில் ஒருவரும் பசியோடு படுக்காமல் இருக்கட்டும்.

அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள், அத்தான்.

மேனுகா