கல்யாணத்துக்காக நீ கட்டிய குழாய்

மாமியார் வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே ஆளான முனிராஜ் மாப்ளைக்கு,

அங்கேயும் யாரோடாவது மல்லுக்கு நிற்கிறாயா? இங்கே அந்த வேலையை உன் மகன் சங்கர் எடுத்துக்கொண்டான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவன், பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

கிட்னியில் கல் அடைத்துச் சீழ் கட்டி, உன் முதுகில் துளை போட்டுக் குழாயும் மூத்திரப் பையும் வைத்தார்களே, வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஸ்டெல்லா என்னையும் நிற்கவைத்துத்தான் சொன்னாள். "பை எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும். குழாய மடக்கவே கூடாது. குளிர் ஜுரம் வந்தாலோ, மூத்திரம் நின்னாலோ, ரத்தமா வந்தாலோ உடனே ஓடியாந்துருங்க." பத்து நாள் நான்தான் பையைக் காலி செய்தேன். பால் கறக்கிற வேலை என்று உன்னைக் கிண்டலும் செய்தேன்.

அப்புறம் என் கடைசி மகள் கல்யாணம், ஜவளகிரியில். தாய்மாமன் நீதான் கைப்பிடித்து அவளை மேடைக்குக் கூட்டி வரவேண்டும். வேட்டிக்கு வெளியே பை தெரிந்தது. என் வாய் சும்மா இருந்ததா?

"மாப்ள, சீர்த்தட்டு இருபத்தொண்ணுன்ன. இது இருபத்திரண்டாவதா?"

சொந்தமெல்லாம் சிரித்தது. நீயும் சிரித்தாய். உள்ளே போய்விட்டு வந்தபோது பை இல்லை.

"சுருட்டி உள்ள சொருகிட்டேன் மாமா. கம்பெனில ஒயர் கட்டற பிளாஸ்டிக் பட்டை சட்டப்பையில கெடந்துச்சி, குழாய மடக்கி இறுக்கிட்டேன். ரெண்டு மணி நேரந்தான?"

"இப்பதான்டா மாப்ள மாதிரி இருக்கற" என்றேன். மாலை வரை நீயும் அவிழ்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பிறகு வந்ததே நடுக்கம்! கட்டில் சுவரில் மோதியது. நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். நாலு பேர் மேலே விழுந்து அமுக்கியும் உதறித் தள்ளினாய். வேனில் என் கையைக் கடித்தாய், தழும்பு இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா உன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். "யாரு இப்படிக் கட்டினது? அறிவில்லையா?" என்று கத்தினாள். சங்கர் அவளை அறைந்தான். "குழாய் வெக்கத் தெரியல, எங்கப்பனக் கேள்வி கேக்கறியா?" என்று முடியைப் பிடித்து இரும்புக் கட்டிலில் முட்டினான். உதடு கிழிந்து ரத்தம் சொட்டச் சொட்ட, அந்தப் பெண் எழுந்துவந்து கத்தரியால் பட்டையை வெட்டினாள். சீழும் ரத்தமும் பீறிட்டு அவள் கையெல்லாம் நனைந்தது.

நான் சுவரோரம் நின்றேன் மாப்ளே. ஊரையே கேலி பேசுகிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

சீழ் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மறுநாள் நீ போய்விட்டாய்.

சங்கர் இப்போது, நர்ஸ் எதையுமே சொல்லிக்கொடுக்காமல் அனுப்பினாள் என்று புகார் கொடுத்திருக்கிறான். நாளைக்கு விசாரணை. அவள் வேலை போய்விடும். சாட்சி யார் தெரியுமா? நான்தான். "பெரிய மனுசன் நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும் மாமா" என்கிறான்.

சொல்லத்தான் போகிறேன். அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்வேன். "கட்டினது உங்கப்பன், கட்டவெச்சது என் வாய்" என்று சங்கர் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அடிப்பான். அடிக்கட்டும், எனக்கு மிச்சம் மூன்று பல்தான்.

சிரிக்கவைத்தே உன்னைச் சாகவிட்ட,
உன் அக்கா புருசன் கோவிந்தன்