சுண்ணாம்பு போட்ட கிணறு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உங்களிடம் கேட்க முடியாமலே உங்கள் நிலத்தில் குழி வெட்ட விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

திண்டிவனம் ரோட்டோரம் பூட்டிக் கிடக்கிறதே, பூச்சிமருந்து கலந்துகொண்டிருந்த கொட்டகை, அதை ஒட்டிய வரப்போரம் மல்லாட்டைச் செடி கடலை பிடிக்காமல் கருகுகிறது என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான். இந்த மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீரிலும் அதே நெடி. உங்கள் பேத்தி குடிக்கிற தண்ணீர். விழுப்புரம் ஆபீசுக்கு நடையாய் நடந்து, மண்ணையும் தண்ணீரையும் சோதிக்க ஆள் வரும்படி செய்தேன்.

அவர்கள் வருகிற அன்று காலையில் போய்ப் பார்க்கிறேன், என் தங்கச்சி செல்லம்மா முந்தின நாளே இஞ்சின் வைத்துக் கிணற்றை இறைத்து, சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கொட்டி வைத்திருக்கிறாள். சுற்றிலும் கோலம் வேறு.

"ஆபீசருங்க வர்றாங்கண்ணா. அழுக்கா வெச்சிக்கினு இருந்தா நம்மள என்னா நெனைப்பாங்க?"

வந்த அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்னா சார், கெணத்துக்குக் கல்யாணமா?" என்றார். பாட்டிலைத் திறக்கவே இல்லை. ஊற்று பழையபடி ஊறட்டும், அதுவரை எதையும் போடாதீர்கள், குடிக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாத்தியார் புத்தி, நான் உதாரணம் சொன்னேன். "டாக்டர் ஜுரம் பார்க்க வர்ற நேரத்துல மாத்திரைய முழுங்கிட்டு உட்கார்ந்தா, அவருக்கு என்னம்மா தெரியும்?"

"ஜுரம் இல்லன்னு சொல்லிட்டுப் போவாரு. அதாண்ணா எனக்கு வேணும். எங்க வூட்டுக்காரரு வெட்டுன கெணறு. மூடுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னா?"

"பாப்பா குடிக்குதேம்மா" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் எங்கள் இருவரில் யார் பக்கம் நின்றிருப்பீர்கள், மாப்பிள்ளை?

மறுநாள் செல்லம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பம்புக்குப் போனாள். பிறகு கிணற்றுக்குக் காவலே அவள்தான். "எவனாவது சுண்ணாம்பு எடுத்துக்கினு வந்தான், அவனையே உள்ள தள்ளிடுவேன்" என்றாள். தெருவில் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

நேற்று அவர்கள் மறுபடி வந்தார்கள். கொட்டகையிலிருந்து கிணறு வரைக்கும் வரிசையாக நாலு குழி. ஈரத்துணியின் ஒரு மூலையில் மை சிந்தினால் அது சிந்தின இடத்திலேயே நிற்குமா? மருந்து எதுவரை ஊறியிருக்கிறது என்று பார்க்கத்தான் இத்தனை குழி. முதல் குழியில் ஓர் ஆள் ஆழத்திலும் மண் நாறியது. ஒவ்வொரு குழி மண்ணையும் தனித்தனிப் பையில் கட்டிக்கொண்டார்கள். தண்ணீர் எடுக்கும்போது செல்லம்மா அதிகாரியைத் தடுத்து, "மேலாக்க மொண்டுக்கினு போயிடாதீங்க சார், அடியில எறக்குங்க" என்றாள்.

முடிவு இன்னும் வரவில்லை. வந்ததும் பாதியைப் படித்துப் பாதியை விழுங்கமாட்டேன். செல்லம்மா எதிரில் உட்கார்ந்து கேட்க, கடைசி வரி வரை வாசிப்பேன். கெட்டது என்று வந்தால், மற்றவர் கை படுமுன் கிணற்றை மூட முதல் பலகையை நானே போடுவேன். அதோடு விடமாட்டேன். அந்தக் கொட்டகை மண்ணை அவர்கள் அள்ளிக்கொண்டு போகிறவரைக்கும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறிக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் செல்லம்மாவின் அண்ணன்