புயல் என்று எழுதிய தம்பிக்கு

திரு நிலைக்க, கடல் பொறுக்க. நெய்தலங்கானல் நாடாளும் அலர்வேணித் தேவி, வளைகரைப் பட்டினத்துத் துறைக்காவலனும் நம் உடன்பிறந்தோனுமாகிய ஆழிமாறனுக்கு விடுக்கும் ஓலை. உன் துறையும் அதை நம்பி வாழும் குடிகளும் நலம் பெறுக.

ஆங்கிலம் பேசும் கப்பல் வணிகரிடம் முதலீடாக வைத்த பொருள் புயலில் அழிந்ததென்றும், இட்ட விதை கருகியதென்றும், ஊற்று உறைந்ததென்றும் நீ எழுதிய ஓலை வந்தது. வானம் செய்த கேட்டுக்கு மனிதரைக் கேள்வி கேளாதிருப்பது நம் குலத்து வழக்கம் ஆதலால், அவையை மூடி, வெறுங்காலுடன் கடற்கரை சென்று, குடிகளோடு மணலில் அமர்ந்து அழுதோம்.

அங்கே, கணவனைக் கடலுக்குக் கொடுத்த உப்பளத்து வெள்ளாச்சி நம் முன் வந்து, கரையெங்கும் உப்பு விளையும் வெயிலாயிருக்க, இது எந்தப் புயல் என்று வினவினாள்.

அவ்வணிகரின் மொழிபெயர்ப்பாளனை வரவழைத்தோம். அவர்கள் பேச்சில் பணம் நீராய் ஓடும், மரமாய் வளரும், குமிழியாய் உடையும் என்றும், விலை ஏறினால் காளை, இறங்கினால் கரடி, ஒரேயடியாய்ச் சரிந்தால் புயல் என்றும், அது அவர்கள் வழக்கு, அதில் வஞ்சமில்லை என்றும் விளக்கினான். விற்றவரும் வாங்கியவரும் மனிதரே என்றான். விலை சரியுமுன் உன் சொந்தப் பங்கை மட்டும் நீ திரும்பப் பெற்றாய் என்பதைச் சொல்லும்போது அவன் நம் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்பி, நீ வைத்துத் தோற்றது கடலில் கணவரை இழந்த பெண்களின் பொதுநிதி. நம் தந்தையாரின் கலம் திரும்பாத ஆண்டில் அவர் பெயரால் தொடங்கியது. அவரைக் கொண்டது புயல். அன்று கரையில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. அந்தச் சொல்லை எப்படியடா எழுதினாய்? என் நெஞ்சு ஆறவில்லை.

ஆதலின் ஆணை. உன் பங்கு முழுவதையும் நிதியில் சேர்த்து, துறைக்காவல் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, வரும் முழுநிலா நாளில் அந்தக் கடற்கரைக்கு வருக. வெள்ளாச்சி முதலான பெண்கள் முன் நின்று நடந்ததைச் சொல்லுக. காற்றும் மழையும் விலங்கும் உன் பேச்சில் வேண்டா. ஒவ்வொரு வாக்கியமும் நான் என்றே தொடங்குக. தீர்ப்பு அவர்களுடையது. நாம் அவர்களோடு அமர்ந்திருப்போம், உன் பக்கத்தில் அல்ல.

இது நம் கையெழுத்து. அலைப்பொறி முத்திரை இட்டோம். ஓலை கொணர்ந்தவனுக்கு உணவளித்து அனுப்புக. வானம் தெளிந்திருக்கிறது, நீ வருவதற்குத் தடையேதும் இல்லை.